ஐந்து ஊருக்கும் ஒரே இருட்டு

1

ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு யூலை மாதப் பின்னேரத்தில் மெல்பேணில் வந்து இறங்கினோம். தோலின் நிறம் பார்த்துக் குடியேற்றக் கதவு திறக்கும் வழக்கம் இந்த நாட்டில் அப்போதுதான் ஒழிந்திருந்தது. என் கணவர் அந்த நாளை மறப்பதில்லை. வருடாவருடம் அன்றைக்குப் புட்டும் ஆட்டிறைச்சிக் குழம்பும் சமைக்க வேண்டும். வேலையால் வரும்போது அவர் ஒரு கேக் வாங்கி வருவார். இந்த வருடமும் அப்படித்தான் தொடங்கியது.

புட்டு அவிந்துகொண்டிருந்தது. மகள் வாணி குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்று ஏதோ ஒரு தகரக் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், பக்கச் சுவரில் உள்ள மீற்றர் பெட்டியின் கதவு. சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பெட்டிக்குள் இரண்டு மீற்றர்கள் உண்டு. ஒன்று விளக்குக்கும் அடுப்புக்கும். மற்றது வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும். இரண்டாவது மீற்றரின் வட்டத் தகடு சுற்றிக்கொண்டிருந்தது. குசினிச் சன்னலால் விழுந்த வெளிச்சத்தில் அதன் கறுப்புக் கோடு வருவதும் மறைவதுமாக இருந்தது. நேரம் ஆறே கால்.

அந்த நேரத்தில் அது சுற்றக் கூடாது. எங்கள் நகரசபைக்குள் எந்த வீட்டிலும் சுற்றக் கூடாது. சுற்றவில்லை என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கிறவள் நான்தான்.

"அம்மா, த வோட்டர் இஸ் லவ்லி" என்று உள்ளேயிருந்து வாணி சொன்னாள்.

"தமிழிலை சொல்லு பிள்ளை."

"சுடுது. லவ்லியாச் சுடுது."

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே மின்சாரம் என்றால் கொழும்பில் இருக்கும் யாரோ நினைத்தால் வருவது. கம்பம் நட்டால் உண்டு, நடாவிட்டால் இல்லை. இங்கே மெல்பேணின் சில பகுதிகளில் மின்கம்பிகள் அந்தந்த நகரசபைக்கே சொந்தம். சனங்கள் வாக்குப் போட்டு அனுப்பும் உறுப்பினர்கள்தான் மின்சாரக் கந்தோரையும் மேற்பார்வை செய்கிறார்கள். அதில் மிஞ்சுவதைக் கொண்டு நூல்நிலையம் நடக்கிறது. வாணி போன பாலர் பள்ளியின் ஹீற்றர்கூட அப்படி வந்ததுதான்.

ஆனால் நகரசபைகள் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. தொலைவில் நிலக்கரி எரித்து மாநில ஆணையம் உற்பத்தி செய்வதை மொத்தமாக வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. அந்த மொத்த விலைக்கு ஒரு விதி இருக்கிறது. இங்கே யூனில் தொடங்கும் குளிர்காலத்தில் எந்த அரை மணி நேரத்தில் மிக அதிகமாக எடுத்தீர்களோ, அந்த ஒரு அரை மணி நேரம்தான் வருடம் முழுவதற்குமான விலையைத் தீர்மானிக்கும். மற்ற நாளெல்லாம் சிக்கனமாக இருந்து ஒரு மாலையில் தவறினாலும் தவறியதுதான்.

எண்ணெய் விலை ஏறிய பிறகு எல்லா விலையும் ஏறியது. வீட்டுக்கு வீடு கலர் ரெலிவிஷனும் வந்தது. சின்ன நகரசபைகள் தனித்தனியே போய் ஆணையத்தோடு பேரம் பேச முடியாத நிலை. ஆகவே அயலயலாக உள்ள ஐந்து நகரசபைகள் ஒன்று சேர்ந்து, 'எங்களை ஒரே வாடிக்கையாளராகக் கணக்கெடுங்கள்' என்று கேட்டன. ஒரு ஊரில் தொழிற்சாலைகள் அதிகம், இன்னொன்றில் வீடுகள் அதிகம். ஐந்தின் உச்சமும் ஒரே நேரத்தில் வராது. கூட்டி அளந்தால் குறையும். ஆணையம் அரைமனதோடு இரண்டு குளிர்காலத்துக்குச் சம்மதித்தது. ஒரு நிபந்தனை: ஐந்தும் சேர்ந்து ஒரு குறித்த எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூட்டு முடிந்தது, அவரவர் தனியே வரலாம். தனியே வரும் சின்னச் சபையை விழுங்க ஆணையத்துக்கு அதிக காலம் எடுக்காது என்று கந்தோரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எல்லைக்குள் நிற்க ஐந்து ஊரும் தமக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை எல்லா வீட்டு வெந்நீர்த் தொட்டிகளையும் நிறுத்துவது. உபமின்நிலையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கம்பி வழியே செய்தி போய்த் தொட்டிகள் தாமாக நின்றுவிடும். பிள்ளைகள் கூடிய வீட்டில் கடைசியாகக் குளிக்கிறவருக்குப் பச்சைத்தண்ணீர்தான். சனங்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பொறுத்தார்கள்.

ஐந்து ஊரும் எடுக்கும் மின்சாரத்தைப் பேனா கீறிக் காட்டும் பதிவுத்தாள்களைக் கூட்டி, எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று நாள்தோறும் எழுதுவது என் வேலை. ஆணையத்தின் மீற்றர்கள் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டவை. குளிர்காலம் முடிந்துதான் திறந்து பார்ப்பார்கள். அதுவரைக்கும் ஐந்து ஊருக்கும் கண் என்றால் என் தாள்தான். இது இரண்டாவது குளிர்காலம்.

3

இந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கையெழுத்து வைத்தவள் நான். ஐயாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன்மார் இருவரும் மூன்றாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் பேராதனையில் கணிதத்தில் பட்டம் எடுத்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பழகவும் விருப்பமில்லை.

அந்தப் பட்டத்தைக் கொண்டுபோய் இங்குள்ள அரசாங்கக் கந்தோரில் நீட்டினேன். ஒன்பது மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உங்கள் தகைமையை ஒப்பிடுவதற்குப் போதிய விபரம் எங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தது. என்ன விபரம் என்று கேட்டு எழுதினேன். அதே கடிதம் இன்னொரு திகதியோடு வந்தது. இரண்டு வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன்.

நகரசபை மின்சாரக் கந்தோரின் தலைமை எஞ்சினியர் மிஸ்டர் ஆஷ்வெல்தான் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர். நெடிய மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரைமணிக் கணக்குகள் நிறைந்த ஒரு தாளைத் தந்து, "கூட்டுங்கள்" என்றார். கூட்டினேன். அவர் தன்னுடைய விடையைக் காட்டினார்.

"உங்கள் விடை பிழை" என்றேன். "பதினாலாவது வரியை இரண்டு தரம் கூட்டியிருக்கிறீர்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "திங்கட்கிழமை வரலாம்" என்றார்.

நியமனத் தாளில் 'தற்காலிகம்' என்று நீல மையில் ஒரு முத்திரை குத்தியிருந்தது. இந்த ஓகஸ்டில் நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தோம். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்று வங்கி சொல்லியிருந்தது.

4

தகடு சுற்றியதைப் பார்த்த மறுநாள் வழமையை விட முந்திக் கந்தோருக்குப் போனேன். கொஸ்தா ஏற்கெனவே வந்துவிட்டான். கொஸ்தா கிரேக்கன். ஐந்து ஊரின் உபமின்நிலையங்களுக்கும் வான் ஓட்டிப் போய்ப் பதிவுத்தாள்களைச் சேர்த்து வருவது அவன் வேலை. அங்கே அந்தத் தாளைச் சுற்றும் பதிவு மணிக்கூடுகளுக்குத் திங்கட்கிழமைகளில் சாவி கொடுப்பதும் அவன்தான். அவனுடைய உடைந்த ஆங்கிலமும் என்னுடையதும் சந்திக்கும்போது என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழும். அப்படியே எழுதுகிறேன்.

"புரொபசர், உன்ரை கடதாசியள்" என்று ஐந்து சுருளையும் மேசையில் போட்டான். "என்ன முகம் ஒரு மாதிரி? புருசன் கேக் வாங்கித் தரேல்லையோ?"

"வாங்கித் தந்தவர். கொஸ்தா, நேற்று எங்கடை ஊரிலை வெந்நீர் நிப்பாட்டினதோ?"

"எனக்கென்ன தெரியும்? பொத்தான் அழுத்திறது பெரியவர், ஆஷ்வெல். நான் கடதாசி பொறுக்கிறவன்."

எங்கள் ஊரின் தாளை விரித்தேன். மை பேனா கீறிய கோடு மாலையில் ஏறி உச்சத்துக்குப் போய் இறங்கியிருந்தது. வெந்நீரை நிறுத்தினால் கோடு ஐந்தரைக்குச் சட்டென்று ஒரு பள்ளத்தில் விழ வேண்டும். பள்ளம் இருந்தது. ஆனால் ஆழமில்லை. நீண்ட நேரமும் இல்லை. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஐந்தரைக்கு இல்லை, ஆறு மணிக்கு.

மேசையில் ஐந்து தாள்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக நேரம் ஒத்துப்போகும்படி வைத்தேன். அப்போதுதான் அந்தச் சிறிய படி கண்ணில் பட்டது.

இங்கே தெருவிளக்குகள் தாமாக எரிகின்றன. பொழுது மங்கினால் கம்பத்தில் உள்ள ஒரு கண்ணாடிக் கண் அதை உணர்ந்து போட்டுவிடும். ஊர் முழுக்கத் தெருவிளக்குகள் எரியும்போது பதிவுக் கோட்டில் சின்னதாக ஒரு படி ஏறும். மற்ற நான்கு ஊர்த் தாள்களிலும் அந்தப் படி ஐந்து இருபதுக்கு இருந்தது. எங்கள் ஊர்த் தாளில் ஐந்து ஐம்பதுக்கு.

ஐந்து ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கள் தெருவின் இந்தப் பக்கம் ஒரு நகரசபை, எதிர்ப்பக்கம் இன்னொன்று. எதிர்வீட்டுக்காரருக்கு இருட்டி அரை மணி நேரம் கழித்தா எங்களுக்கு இருட்டுகிறது? அரை மணி முந்தி ஓடுவது எங்கள் ஊரின் பதிவு மணிக்கூடு.

பழைய சுருள்களை எடுத்தேன். மே மாதத்தில் ஐந்து தாள்களிலும் படி ஒரே நேரத்தில்தான் இருந்தது. யூன் மாதத்தில் முதற் கடுங்குளிர் வந்த வாரத்திலிருந்து எங்களுடையது மட்டும் அரை மணி பிந்தியிருந்தது.

"கொஸ்தா, எங்கடை ஊர் மணிக்கூட்டுக்குக் கடைசியா எப்ப சாவி குடுத்தனி?"

அவன் சிகரெட்டைப் பற்ற வைத்தான். "அந்த ஒண்டை இனித் தானே பாக்கிறதெண்டு பெரியவர் சொன்னவர். யூன் மாதம். பெட்டித் திறப்பையும் வாங்கிப்போட்டார்." புகையை விட்டுவிட்டு, "என்னட்டைக் கேட்டதெண்டு சொல்லாதை. எனக்கு மூண்டு பிள்ளையள்" என்றான்.

எங்கள் உச்சத்தை அரை மணி பிந்தியதாகக் காட்டினால் மற்ற நான்கின் உச்சத்தோடு அது சேராது. என் தாளில் கூட்டுத்தொகை குறைந்து விழும். ஐந்து ஊரும் எல்லைக்குள் நிற்பதாகத் தெரியும். யூன் மாதம் முழுவதும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அழகான கையெழுத்தில்.

எங்கள் தாளை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்து எல்லா நாளையும் திரும்பக் கூட்டினேன். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருந்தது. ஒரு புதன்கிழமை, மாலை ஆறிலிருந்து ஆறரை வரை, ஐந்து ஊரும் எல்லையைத் தாண்டியிருந்தன. கொஞ்சந்தான். அது நடந்து மூன்று கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. பூட்டிய மீற்றருக்குள் அந்த அரை மணி நேரம் இருக்கிறது, திறக்கும் நாளுக்காக.

5

எனக்குப் பத்து வயதில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைப் பற்றி இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

எங்கள் தோட்டத்துக்கு இறைக்கும் கிணறு பங்குக் கிணறு. நான்கு குடும்பத்துக்குச் சொந்தம். ஒருவர் மாறி ஒருவர் இறைக்க வேண்டும். முறை மாறுவதற்கு மணிக்கூடு இல்லை. கிணற்றடியில் ஒரு தடி நட்டிருந்தது, பக்கத்தில் ஒரு கல். காலையில் தடியின் நிழல் நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி வரும். நிழல் நுனி கல்லுக்கு வந்தால் முதற் பங்குக்காரர் நிறுத்த வேண்டும். அடுத்தவர் தொடங்குவார்.

முதற் பங்கு முருகேசு மாமாவுடையது. மலாயாவில் கந்தோர்க் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். எங்கள் பக்கத்தில் முதன்முதல் தண்ணீர் இறைக்கும் மிசின் வாங்கியவரும் அவர்தான். மற்றவர்கள் துலாவில் மிதித்து ஒரு நாள் இறைப்பதை அவருடைய மிசின் கொஞ்ச நேரத்தில் இறைத்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் நிழல் அளக்கும் பாடம் படித்த வாரம், கிணற்றடியில் போய் ஓலைத் துண்டால் அளந்து பார்த்தேன். ஒரு மாதம் கழித்துத் திரும்ப அளந்தபோது கல் தடிக்குக் கிட்ட ஒரு சாண் வந்திருந்தது. கல் நகராது. நகர்த்தினால்தான் உண்டு. ஒரு சாண் என்றால் மிசினுக்குக் கூடுதலாக முக்கால் மணி நேரம்.

ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் புகையிலைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் ஐயா கேக்கேல்லை?"

"உன்ரை ஃபோமை நிரப்பித் தந்த கை அது. வாயை மூடிக்கொண்டு போ."

பட்டினத்துப் பெண்கள் கல்லூரிக்கு நான் போவதற்கான விண்ணப்பம் அது. இங்கிலிசில் இருந்த அதை எங்கள் வீட்டில் வாசிக்கவே ஆளில்லை. முருகேசு மாமா நிரப்பி, தலைமை ஆசிரியைக்குக் கடிதமும் எழுதித் தந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு பட்டினத்துக்குப் படிக்கப் போனேன்.

எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்புச் சவர் மேலே வரும். எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. முதலில் மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகியது. அம்மா பூச்சி என்றாள். பிறகு வெங்காயம் சிறுத்தது. நாக்குக்குத் தெரிய வந்தபோது நான் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். முருகேசு மாமா வேறு இடத்தில் காணி வாங்கிவிட்டார். மற்ற மூன்று குடும்பமும் இன்றைக்கும் பிறத்தியார் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறார்கள். என் ஐயாவும்.

6

"நீர் ஏன் இதுக்குள்ளை தலையைப் போடுறீர்?" என்றார் என் கணவர். புகையிரதப் பட்டறையில் படம் வரைபவர், நிதானமான மனிதர். "ஓகஸ்ட் வர இன்னும் எத்தினை நாள் கிடக்கு? கடிதம் கைக்கு வரட்டும். பிறகு சொல்லும்."

"அதுக்கிடையிலை இன்னொரு குளிர் வந்தால்?"

"அதுதான் ஏற்கெனவே தாண்டீற்றுதெண்டு நீரே சொல்லுறீர். போனது போட்டுது. நீர் சொல்லி என்ன வரப்போகுது?"

"சொல்லாட்டி அவையள் தெரியாமலே இருந்திடுவினம். மீற்றரைத் திறக்கிற அண்டைக்குத்தான் தெரியவரும்."

"அந்த மனுசன்தானே உமக்கு வேலை தந்தது" என்றார் அவர்.

இதே பேச்சை முன்பும் ஒருமுறை, வேறு சொற்களில், ஒரு புகையிலைத் தோட்டத்தில் கேட்டிருந்தேன். வாணி ரெலிவிஷனுக்கு முன்னால் படுத்திருந்தாள்.

"பிள்ளை, அந்த லைற்றை நூத்து" என்றேன்.

"வாட்?"

தகப்பன்தான் எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

7

மிஸ்டர் ஆஷ்வெல் கதவைச் சாத்தச் சொன்னார். நான் ஐந்து தாள்களையும் அவருடைய மேசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்தேன். தெருவிளக்குப் படிகளைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தேன். அவர் அந்த வட்டங்களைக் கண்டவுடனேயே கதிரையில் சாய்ந்துவிட்டார். மறுத்துப் பேசவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை.

"தெருவிளக்கு" என்றார். "அதை நான் யோசிக்கவில்லை."

"ஏன் செய்தீர்கள்?"

"ஓகஸ்டில் நகரசபைத் தேர்தல். பச்சைத்தண்ணீரில் குளிக்க வைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர்கள் யார் தெரியுமா? இந்தக் கந்தோரை ஆணையத்துக்கு விற்றுவிட வேண்டும் என்கிற ஆட்கள். அவர்கள் வென்றால் கூட்டும் இல்லை, நானும் இல்லை, நீங்களும் இல்லை. தேர்தல் முடியும் வரைக்கும் சனங்களுக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டேன். மற்ற நான்கு ஊரும் நிறுத்துகிறார்கள். எல்லைக்கு இன்னும் இடமிருக்கிறது என்று உங்கள் தாளே சொல்கிறது."

"என் தாள் உங்கள் மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது" என்றேன். "இடமில்லை. யூன் மாதம் ஒரு புதன்கிழமை தாண்டிவிட்டோம்."

திரும்பக் கூட்டிய தாளைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். பிழை தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிடைக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். புதன்கிழமை வரியில் விரல் நின்றது. அவருடைய முகம் வெளிறியது. மணிக்கூட்டை முந்த வைத்தவர் அந்த மணிக்கூட்டையே நம்பியிருந்திருக்கிறார்.

"இந்தத் தாளை வேறு யார் பார்த்தார்கள்?"

"ஒருவரும் இல்லை."

"செவ்வாய்க்கிழமை கூட்டம்" என்றார் மெதுவாக. "பழைய முறையில் ஒரு தாள் தயாரியுங்கள். ஓகஸ்ட் வரைக்கும்தான். உங்கள் சிபாரிசுக் கடிதத்தை நேற்றே எழுதிவிட்டேன்." இழுப்பறையைத் திறந்து காட்டினார். கடிதம் இருந்தது. மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே நேற்று எழுதியிருக்கிறார், திகதி இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

8

ஐந்து எஞ்சினியர்களும் மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஊராகக் கூடுவார்கள். எந்த ஊரோ அந்த ஊர் சான்ட்விச்சும் தேநீரும் கொடுக்க வேண்டும். இந்த முறை எங்கள் ஊர். நான் தாள்களைத் தட்டச்சு செய்து ஐந்து பிரதி எடுத்து வைத்தேன். ஒரே ஒரு விதமான தாள்தான் செய்தேன். இரண்டு செய்தால் கடைசி நேரத்தில் கை எதை எடுக்குமோ என்று பயமாக இருந்தது.

வழமையாக நான் தாளை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அன்றைக்குச் சுவரோரம் நின்றேன். மிஸ்டர் ஆஷ்வெல் தன்னுடைய பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார்.

முதலில் கண்டவர் கிழக்குப் பக்கத்து ஊரின் எஞ்சினியர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த கிழவர். வாயில் சான்ட்விச்சோடு, "இது போன மாதத் தாள் மாதிரி இல்லையே" என்றார்.

"போன மாதத் தாள் பிழை" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "எங்கள் ஊரின் பதிவு மணிக்கூடு அரை மணி நேரம் முந்தி ஓடியது. எங்கள் வெந்நீர்த் தொட்டிகளும் முழுநேரம் நிறுத்தப்படவில்லை. இது திருத்திய கணக்கு."

தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. புதன்கிழமைக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"மணிக்கூடு தானாகவா முந்தியது?" என்று கிழவர் கேட்டார்.

அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

"இல்லை" என்றார் மிஸ்டர் ஆஷ்வெல். "நான்தான். அவர் எழுதியது எல்லாம் சரி."

"என்னுடைய மனைவி ஆறு கிழமையாகப் பச்சைத்தண்ணீரில் கோப்பை கழுவுகிறாள்" என்றார் இன்னொருவர், அமைதியாக. "எதற்காக என்று இனி நான் அவளுக்கு என்ன சொல்வது?"

அதற்குப் பிறகு நடந்தது ஒரு மணி நேரச் சண்டை. நாங்களாகவே ஆணையத்திடம் போய்ச் சொல்லிவிடுவோம், ஒளிக்காமல் வந்தவர்கள் என்றாவது எண்ணுவார்கள் என்றார் கிழவர். வேறு இருவர், இந்த ஊரை வெளியே விட்டுவிட்டு நால்வராகப் போவோம் என்றார்கள். மற்றவர், இனி அவரவர் பாட்டைப் பார்ப்போம், ஆணையம் என்னுடைய சபையோடு ஏற்கெனவே தனியாகப் பேசத் தொடங்கிவிட்டது என்றார். அதைக் கேட்டு எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை நாளாக என்று யாரும் கேட்கவில்லை. சான்ட்விச் ஓரங்கள் காய்ந்து மேலே வளைந்து கிடந்தன.

இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பவும் கூடி முடிவெடுப்பது என்று பிரிந்தார்கள். அதுவரைக்கும் ஐந்து ஊரிலும் ஐந்தரையிலிருந்து ஏழு வரை தொட்டிகள் கட்டாயம் நிற்கும். எங்கள் ஊர் மணிக்கூட்டுப் பெட்டியின் திறப்பை மிஸ்டர் ஆஷ்வெல் கொஸ்தாவின் கையில் வைத்தார். இழுப்பறையில் இருந்த கடிதம் இப்போதும் அங்கே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

"புரொபசர்" என்றான் கொஸ்தா வாசலில். "பிஸ்கட் பக்டரியிலை இன்னும் ஆள் எடுக்கினமோ எண்டு கேட்டு வைக்கட்டோ, எங்கள் ரெண்டு பேருக்கும்?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

9

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள். நிலக்கரி தோண்டும் இடத்தில் வேலைநிறுத்தம் வரலாம் என்று வானொலி சொல்கிறது. தெற்கேயிருந்து கடுங்குளிர் வருகிறது என்றும் சொல்கிறது. பின்னேரம் முழுவதும் குசினி மேசையில் இருந்து ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

இத்தனை வருடமும் நான் ஊருக்கு எழுதிய கடிதங்களில் சுகம் விசாரிப்பும் வாணியின் உயரமும்தான் இருக்கும். வேறு எழுத முடிந்ததில்லை. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. நீல விமானக் கடிதம் வந்தால் ஐயா அதை மடியில் கட்டிக்கொண்டு முருகேசு மாமா வீட்டுக்குத்தான் போவார். மாமா கண்ணாடி போட்டு, இருத்தி வைத்து, உரத்து வாசிப்பார். வேறு பெடியளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி எத்தனை தரம் எழுதியும் ஐயா கேட்பதில்லை. அவர் வாசித்தால்தான் விளங்குகிறதாம். அந்த மாமாவின் கையால்தான் பதிலும் வரும்: நாங்கள் நல்ல சுகம், தோட்டம் பரவாயில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். ஐந்து ஊர் ஒரு கிணறு மாதிரிச் சேர்ந்து நின்றதை எழுதினேன். எனக்கு வேலை தந்த நல்ல மனிதர் ஒருவர் மணிக்கூட்டை அரை மணி நேரம் முந்த வைத்ததை எழுதினேன். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும், கல் ஒரு சாண் நகர்ந்ததை ஓலைத் துண்டால் அளந்த அதே கையால்தான் இதையும் அளந்தேன் என்பதையும் எழுதினேன். எந்தக் கல், எந்தத் தடி என்று எழுதவில்லை. வாசிக்கிறவருக்குத் தெரியும். கேட்கிறவருக்கும் தெரியும்.

கடைசியாக, 'நான் சொல்லிவிட்டேன், ஐயா. சவர் ஏற்கெனவே ஏறிவிட்டது, ஆனாலும் சொன்னேன்' என்று எழுதி ஒட்டினேன்.

தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போய் வந்தேன். பெட்டி எதிர்ப்பக்கத்தில், அடுத்த நகரசபைக்குள் இருக்கிறது. கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் எடுக்கும். திரும்பி வீதியைக் கடக்கும்போது இரண்டு பக்கத் தெருவிளக்குகளும் ஒன்றாக எரிந்தன. கைமணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தைந்து.

பக்கச் சுவருக்குப் போய் மீற்றர் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது தகடு நின்றிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு சன்னல்கள் வெளிச்சமாகிக்கொண்டிருந்தன. முதலாவது தகடு, விளக்குக்கும் அடுப்புக்கும் உள்ளது, வேகம் எடுக்கத் தொடங்கியது. குளிர் காலில் ஏறியது. எங்கோ பூட்டிய பெட்டிக்குள் இந்த அரை மணி நேரத்தையும் ஒரு பேனா கீறிக்கொண்டிருந்தது.